வயிறு மெத்தென்று இருந்தது

சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுவதற்கென நம் முன்னோர் கட்டிவைத்த இடத்தின் பெயர். ஆனால் திருச்சிராப்பள்ளியின் சத்திரம் பேருந்து நிலையத்தில் இளைப்பாறுவோரை நான் அதிகம் கண்டதில்லை. மலைக்கோட்டை ஒருபுறமும், தூய வளனார் கல்லூரியும் லூர்து அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரமும் மறுபுறமும் நின்று பார்த்திருக்க, இடையே ஆயிரமாயிரம் மக்கள் ஏறுவதும் இறங்குவதும் ஓடுவதுமாக இருக்கும் இடம் அது. மாணவனாயிருந்த நாளில் புத்தகக் கட்டோடும், ஆசிரியனாயிருந்த நாளில் விடைத்தாள் கட்டோடும், ஓய்வு பெற்றபின் வெறுங்கையோடும் நான் அங்கே நின்றிருக்கிறேன். பழைய நிலையத்தை இடித்துவிட்டு 2021ஆம் ஆண்டின் இறுதியில் புதிய நிலையத்தைத் திறந்தபோது, என் கால்களின் நாற்பதாண்டுப் பழக்கம் புதிய தூண்களுக்கிடையே வழி தெரியாமல் சில நாள் தடுமாறியது.

இன்று அந்த நிலையத்தை நினைக்கும்போது, என் மனத்தில் முதலில் எழுவது அங்குள்ள ஓர் இருக்கைதான். அதில் என் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அமர்ந்திருந்தார். நான் அவர் அருகே நின்று, லால்குடிப் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவருடைய குடல் உயிரிழந்துகொண்டிருந்தது என்பதை நான் அறியவில்லை. அறியாமை குற்றமாகுமா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திருவானைக்கோவிலில் உள்ள என் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்த அக்கா, லால்குடிக்கு அருகேயுள்ள தம் ஊருக்குத் திரும்ப வேண்டும். போவதற்கு முன் லூர்து அன்னை ஆலயத்தில் திருப்பலி காண வேண்டும் என்று விரும்பினார். அப்போது காவிரிப் பாலம் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டிருந்தது. சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் அந்தப் பாலம் 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன்மேல் ஐந்து நிமிடத்தில் ஆற்றைக் கடந்து பழகியவர்கள் நாங்கள். அன்று எங்கள் பேருந்து நெடுஞ்சாலைப் பாலத்தின்மேல் ஏறி, ஓயாமாரி வழியாகச் சுற்றிக்கொண்டு சத்திரத்திற்கு வந்து சேர்ந்தது. அலுப்போடு வந்தோமே தவிர, வந்து சேர்ந்துவிட்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

திருப்பலி முடிந்து, தெப்பக்குளத்தருகே பேரப்பிள்ளைகளுக்கு ஏதோ வாங்கிக்கொண்டு, பேருந்து நிலையத்திற்குள் நுழைந்தபோது மணி பத்தரை இருக்கும். திடீரென்று அக்கா நின்றார். யாரோ பின்னாலிருந்து அடித்ததுபோல் அவர் முகம் மாறியது. “தம்பி, வயித்துல என்னமோ பண்ணுதடா” என்றார். இரண்டு நிமிடத்திற்குள் அவரால் நிமிர முடியவில்லை. தொப்புளைச் சுற்றி வலி என்றார். பிள்ளைப்பேற்றின்போதுகூட இப்படி வலித்ததில்லை என்றார். கழிப்பிடத்திற்கு இருமுறை ஓடினார். ஒருமுறை வாந்தி எடுத்தார்.

நான் என்ன செய்தேன்? காலையில் உண்ட பொங்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்தேன். கடையில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். மருந்துக்கடையில் வயிற்றுப் புளிப்புக்கான திரவமருந்து வாங்கிக் கொடுத்தேன். அதுவும் வாந்தியாக வெளியேறவே, ஆட்டோ ஒன்றை அழைத்து அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவ இல்லத்திற்குக் கூட்டிச் சென்றேன்.

அங்கிருந்த மருத்துவர் அக்காவைப் படுக்கவைத்து வயிற்றை நாற்புறமும் அழுத்திப் பார்த்தார். வயிறு மெத்தென்று இருந்தது. எந்த இடத்திலும் விறைப்பு இல்லை. அழுத்தும்போது வலி கூடவும் இல்லை. “பயப்பட ஒன்றுமில்லை, வாயுத்தொல்லைதான்” என்று சொல்லி ஓர் ஊசி போட்டார். சிறிது நேரம் படுத்திருந்துவிட்டுப் போகலாம் என்றார். அக்கா மட்டும் புழுப்போலத் துடித்துக்கொண்டே இருந்தார். “ஊசி போட்டாச்சு இல்ல, கொஞ்சம் பொறுத்துக்கங்க அக்கா” என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். வலியைப் பெரிதுபடுத்துகிறார் என்று என் உள்ளத்தின் ஒரு மூலையில் எண்ணினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

ஏறக்குறைய ஒரு மணி அளவில் வலி குறைந்தது. அக்கா அமைதியானார். ஊசி வேலை செய்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மீண்டும் சத்திரத்திற்கே வந்தோம். அவரை அந்த இருக்கையில் அமர்த்திவிட்டு, பேருந்தை எதிர்பார்த்து நின்றேன்.

நிலையத்தின் வெளிப்புறத்தில் கூடையில் கொய்யாப்பழம் விற்கும் பெண் ஒருத்தி, காலையில் அக்கா வாந்தி எடுத்தபோது ஓடிவந்து தண்ணீர் கொடுத்தவள். தண்ணீர் பிடிக்க உள்ளே வந்தவள், எங்களைக் கண்டு நின்றாள். “ஐயா, காலையில கத்திக்கிட்டு இருந்தாங்க, உசுரு இருந்துச்சு. இப்ப முகத்தைப் பாருங்க. வெளுத்துப்போய் வேர்க்குது. இவங்களைப் பஸ்ஸுல ஏத்தாதீங்க” என்றாள். நான் அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை பேருந்துகளின் முகப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறோர் ஆட்டோவில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு விரைந்தோம். அவசரப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். என் மாணவிகளில் கடைசி வரிசையினரின் வயதுதான் இருக்கும். அவரும் அக்காவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்தார். ஒரு நிமிடம் முழுவதும் கையை எடுக்கவில்லை. “அம்மாவுக்கு இதயத்தில் ஏதும் கோளாறு உண்டா?” என்று என்னைக் கேட்டார்.

இருந்தது. அக்காவுக்குப் பதினொரு வயதாயிருந்தபோது தொண்டைப்புண் வந்து, அதன்பின் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் கண்டது. அன்று அதைக் கைவைத்தியத்தோடு விட்டுவிட்டார்கள். முப்பது வயதுக்குமேல் படியேறினால் மூச்சு வாங்கியது. இதயத்தின் இடப்புறத்து ஈரிதழ் வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். பிற்காலத்தில் துடிப்பும் ஒழுங்கு தவறியது. இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

“அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?” என்று மருத்துவர் கேட்டார். கண்களை மூடியிருந்த அக்கா தாமே பதில் சொன்னார்: “பல்லு பிடுங்கினேன் டாக்டர். ரத்தம் நிக்காதுன்னு சொன்னாங்க. பத்து நாளா நிறுத்திட்டேன்.” ஒரு வாரம் என் வீட்டில் இருந்தவர். மூன்று வேளையும் என் எதிரில் அமர்ந்து உண்டவர். மாத்திரை போட்டீர்களா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். “சார், இவ்வளவு வலி என்கிறார். ஆனால் வயிறு மெத்தென்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது” என்றார். காலையில் ஒருவர் எதைக் கண்டு பயமில்லை என்றாரோ, அதையே கண்டு இவர் அஞ்சினார். இரண்டு கைகளும் தொட்டு அறிந்தது ஒன்றே. ஆனால் இவர் தம் கை அறிந்ததோடு அக்கா சொன்னதையும் சேர்த்துக் கணக்கிட்டார்.

✽

பின்னாளில் அறுவை மருத்துவர் எனக்கு விளக்கியதையும், நானே படித்து அறிந்ததையும் இங்கே சுருக்கிச் சொல்கிறேன். வாசகர் இல்லங்களில் யாரேனும் ஒருவருக்கு இது ஒருநாள் பயன்படக்கூடும்.

நாம் ஓய்ந்திருக்கும்போதுகூட, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வயிற்றுள் இருக்கும் செரிமான உறுப்புகளுக்குச் செல்கிறது. உண்டபின் அது இன்னும் கூடுகிறது. சிறுகுடல் முழுவதற்கும், பெருங்குடலின் முற்பகுதிக்கும் முதன்மையாக இரத்தம் கொண்டு செல்வது ஒரே ஒரு தமனி. மகா தமனியிலிருந்து அது சரிவாகக் கீழ்நோக்கிப் பிரிகிறது. அந்தச் சரிவே ஆபத்தாகிறது. இதயத்தின் இடது மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தால் இரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டியில் ஒரு துண்டு பெயர்ந்து ஓட்டத்தோடு வந்தால், மூளைக்குப் போனால் பக்கவாதம். கீழ்நோக்கி வந்தாலோ, சரிந்து பிரியும் இந்தத் தமனிக்குள் எளிதில் விழுந்து அடைத்துக்கொள்கிறது. குடலுக்கு வரும் இரத்தம் ஒரு நொடியில் நின்றுபோகிறது.

“காவிரிப் பாலத்தை மூடியிருக்கிறார்களே, பார்க்கிறீர்கள் அல்லவா?” என்றார் அறுவை மருத்துவர். “முன்பே அறிவித்தார்கள். முதலில் பெரிய வண்டிகளை நிறுத்தினார்கள், பிறகுதான் முழுவதும் மூடினார்கள். அதற்குள் பேருந்துகளுக்கு மாற்றுவழி வகுத்துவிட்டார்கள். உடம்பும் அப்படித்தான். தமனி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அடைபட்டால், பக்கத்துச் சிறு தமனிகள் விரிந்து சுற்றுவழி அமைத்துக்கொள்ளும். திடீரென்று அடைத்தால் அதற்கு அவகாசம் இல்லை.” அன்று காலை ஓயாமாரி வழியாகச் சுற்றிவந்த பேருந்தை நினைத்துக்கொண்டேன்.

வயிறு ஏன் மெத்தென்று இருந்தது? இரத்தம் இன்றி முதலில் சாவது குடலின் உட்சவ்வு. அது உள்ளுக்குள்ளே வலியால் கதறும். ஆனால் வயிற்றுச்சுவர் விறைப்பதற்கு, அழற்சி குடலின் சுவர் முழுவதையும் கடந்து, வயிற்றறையின் உட்புறம் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைத் தொடவேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். முழு அடைப்பென்றால் ஆறு மணி நேரத்திற்குள்ளாகவே குடல் மீட்க முடியாதபடி சிதைந்துவிடக்கூடும். ஆகவே வயிறு விறைக்கும்வரை காத்திருந்தால், காப்பாற்றவேண்டிய குடல் அதற்குள் அழுகத் தொடங்கியிருக்கும். இடையில் உணர்வு நரம்புகளும் மரத்துப்போவதால் வலி சற்றுக் குறைவதும் உண்டு. ஊசியின் பயன் என்று நான் மகிழ்ந்தேனே, அந்த ஒரு மணி அமைதி பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மருத்துவ மாணவர்களுக்கு மூன்று அடையாளங்களைச் சேர்த்துக் கற்பிக்கிறார்களாம்: தொட்டால் தெரியாத கடும் வலி, வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஆகிக் குடல் தன்னைக் காலி செய்வது, உறைகட்டி உண்டாகத்தக்க இதயக்கோளாறு. மூன்றும் அன்று சத்திரம் பேருந்து நிலையத்தில், என் கண்ணெதிரில், பத்தரை மணிக்கே இருந்தன.

இந்நோய்க்கு வேறு முகங்களும் உண்டு. முதியோர் சிலருக்குத் தமனியில் கொழுப்புப் படிந்து, ஒவ்வொரு முறை உண்டபின்னும் வயிறு வலிக்கும். வலிக்கு அஞ்சி உணவைக் குறைத்து மெலிந்துபோவார்கள். அது பெரிய அடைப்புக்கு முன்னறிவிப்பு. சிலருக்குக் குடலிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரையில் அடைப்பு உண்டாகும். அது இளவயதினரையும் தாக்கும், வலி பல நாள்களாக ஊர்ந்து வரும். கொரோனாக் காலத்தில் இரத்தம் உறையும் தன்மை மிகுந்ததால் இவ்வகை அடைப்புகளை மருத்துவர்கள் கண்டார்கள். வேறு நோயால் தீவிர சிகிச்சையில் கிடப்போருக்கு அடைப்பே இல்லாமல் தமனிகள் சுருங்கிப்போய்க் குடல் பாதிக்கப்படுவதும் உண்டு. மொத்தத்தில் இது அரிய நோய். வயிற்றுவலி என்று வருபவர்களில் மிகச் சிலருக்கே இருக்கும். வந்தவர்களிலோ பாதிக்குமேற்பட்டோர் இறந்துவிடுகிறார்கள். காலத்தாழ்வே அதற்குப் பெருங்காரணம்.

நம் ஊர்களில், “வயித்துவலின்னு படுத்தார், விடியறதுக்குள்ள போயிட்டார்” என்று பழைய சாவுகளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவற்றுள் எத்தனை இதுவாக இருந்தனவோ, இறைவனுக்கே வெளிச்சம்.

✽

அந்த இளம் மருத்துவர் ஒரு நொடியையும் வீணாக்கவில்லை. கையில் ஊசி ஏற்றி உப்புநீர் செலுத்தினார், உயிர்வளி வைத்தார், கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார். இரத்தம் மேலும் உறையாதிருக்க ஹெபாரின் என்னும் மருந்தைத் தொடங்கினார். பிறகு, நரம்பில் சாய மருந்து செலுத்தித் தமனிகளைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு எழுதினார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவு வராமல் சாயம் கொடுக்கலாமா என்று ஸ்கேன் அறையில் தயங்கினார்கள். அவர் நேரே சென்று, “முடிவு வரும்வரை குடல் காத்திருக்காது; பொறுப்பு என்னுடையது” என்றார். உலக அளவில் அறுவை மருத்துவர் கூடி வகுத்த நெறிகளும் அவ்வாறே கூறுகின்றன என்று பின்னர் அறிந்தேன்: ஐயம் எழுந்த உடனே படமெடுக்க வேண்டும். தொடக்க வேளையில் இரத்தப் பரிசோதனைகள் எதுவும் இந்நோய் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது.

படத்தில், வெண்மையாக ஒளிர்ந்து இறங்கிய தமனி ஓரிடத்தில் சட்டென்று முடிந்திருந்தது. அதற்கப்பால் இருட்டு.

மூன்றரை மணிக்கு அக்காவை அறுவை அரங்கிற்குள் கொண்டு சென்றார்கள். வெளியே அமர்ந்திருந்த எனக்கு, உள்ளே நடப்பதன் பின்னால் எத்தனை நூற்றாண்டு உழைப்பு நிற்கிறது என்பது அப்போது தெரியாது. இரத்தமின்றிக் குடல் சாவதை முதலில் எழுதிவைத்தவராகச் சொல்லப்படுபவர், இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தோனியோ பெனிவியேனி என்னும் மருத்துவர். இறந்தோரின் உடலைத் திறந்து பார்த்து அவர் எழுதிய குறிப்புகள், அவர் மறைந்தபின் 1507ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. உறைகட்டி ஓரிடத்தில் தோன்றி வேறோர் இடத்திற்குப் பயணம் செய்து அடைக்கிறது என்பதை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் விர்ச்சோவ் தெளிவுபடுத்தினார். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவில் எலியட் என்பவர், செத்த குடற்பகுதியை வெட்டி நீக்கி நோயாளியைப் பிழைக்கவைத்ததை வெளியிட்டார். அதுவரை இந்நோய்க்கு மருந்து மரணமே.

குடலை வெட்டாமல், அடைப்பை மட்டும் எடுத்து அதை உயிர்ப்பிக்க முடியுமா? 1951ஆம் ஆண்டு கனடாவில் கிளாஸ் என்னும் அறுவை மருத்துவர் தமனியைத் திறந்து உறைகட்டியை அகற்றினார். நோயாளி இதயம் தளர்ந்து இறந்துபோனார். ஆனால் குடல் உயிரோடு இருந்தது. ஒரு தோல்விக்குள்ளிருந்து ஒரு வழி திறந்தது. பிறகு 1963ஆம் ஆண்டு தாமஸ் ஃபோகார்ட்டி என்னும் அமெரிக்க இளைஞர் ஒரு கருவியை வெளியிட்டார். மெல்லிய குழாயின் நுனியில் அறுவைக் கையுறையின் விரல்நுனியை அவர் கட்டியிருந்தார். மீன் பிடிப்பதற்குத் தூண்டிலில் பூச்சிபோல் இறகு கட்டும் பழக்கம் உடையவராதலால், அந்த முடிச்சைக் கொண்டே கட்டினார். சுருங்கிய நிலையில் குழாயை உறைகட்டிக்கு அப்பால் நுழைத்து, நுனியை ஊதச்செய்து மெல்ல இழுத்தால், கட்டி முழுவதும் வெளியே வந்துவிடும். தூண்டில்காரர் ஒருவரின் முடிச்சு இன்று உலகெங்கும் உயிர்களைக் கரையேற்றுகிறது.

அக்காவுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். அடைப்பு நீங்கியதும் தமனியில் துடிப்பு திரும்பியது. உடனே எதையும் வெட்டிவிடவில்லை. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் குடலைப் போர்த்தி, அரைமணி நேரம் காத்திருந்தார்களாம். சாம்பல் நிறமாகக் கிடந்த குடலில் சில பகுதிகள் மெல்லச் சிவந்தன. சில பகுதிகள் சிவக்கவே இல்லை. ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் இரண்டரை மீட்டருக்குமேல் நீக்க வேண்டியதாயிற்று. ஐயத்துக்குரிய சில இடங்களை விட்டுவைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடினார்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் திறந்து பார்த்தார்கள். இன்னும் ஒரு சாண் போயிருந்தது, மற்றவை பிழைத்திருந்தன. அதன்பின்தான் முனைகளை இணைத்துத் தைத்தார்கள். உரிய வேளையில் வந்து, குடல் இன்னும் சாகாதிருந்தால், வயிற்றைத் திறக்காமலேயே தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி அடைப்பை உறிஞ்சி எடுக்கவும் இப்போது வழி உண்டு. “இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால்...” என்று அறுவை மருத்துவர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்காதது அவருடைய இரக்கம். அதை முடித்துவைக்கும் பொறுப்பு என்னுடையது.

இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாம். சோடா வாங்கிய நேரம், மருந்துக்கடையில் நின்ற நேரம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அதட்டிய நேரம், பேருந்துக்குக் காத்திருந்த நேரம் எல்லாம் அதில் அடக்கம். காலையில் பார்த்த மருத்துவரை நான் குறைகூறிப் பயனில்லை. அவரிடம் இதய நோயைப் பற்றிச் சொல்லவேண்டியவன் நான். சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வயிற்றுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று இருந்துவிட்டேன்.

புனித தோமையாரைப் பற்றி நாம் பலமுறை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி ஏற்கமாட்டேன் என்றவர் அவர். அன்று நானும் அப்படித்தான் இருந்தேன். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஆகவே வலி பொய் என்றேன். கைக்குத் தட்டுப்படும் வேளையில் மருந்தின் வேளை கடந்துவிடுகிறது. பிறர் தம் வலியைச் சொல்லும்போது, நாம் முதலில் செய்யவேண்டியது அதை நம்புவது. கொய்யாப்பழம் விற்ற அந்தப் பெண் எந்தக் கல்லூரியிலும் இதைப் படிக்கவில்லை. அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவே.

வீடுகளில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை உண்பவர்கள், பல் பிடுங்குவதற்கோ வேறெதற்கோ அதைத் தாமாக நிறுத்தக்கூடாது. அளவைப் பரிசோதித்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்தாமலேயே பெரும்பாலோருக்குப் பல் எடுக்க முடியும்; கடித்துப்பிடிக்கும் பஞ்சும் ஒரு தையலும் அந்தக் குருதியை நிறுத்திவிடும். ஐயம் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது, எந்த நோய்க்குச் சென்றாலும் பழைய நோய்களையும் மாத்திரைகளையும் முதலில் சொல்ல வேண்டும். இவையெல்லாவற்றிற்கும் முன்னே, ஒரு குழந்தையின் தொண்டைப்புண்ணை அற்பமென்று விடக்கூடாது. மூட்டுவீக்கக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தவறாமல் போட்டுவந்தால் அது மீண்டும் வராமலும், வால்வு மேலும் கெடாமலும் காக்கலாம். அக்காவின் குடலை 2023இல் அடைத்த கட்டிக்கு, அரைநூற்றாண்டுக்கு முன் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறுமி இருமிக்கொண்டு படுத்திருந்ததே தொடக்கம். அன்று அவள் கால் வலிக்கிறது என்றபோது, பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்று எங்கள் வீட்டார் சொன்னார்கள். அவள் வலியை அன்றும் யாரும் நம்பவில்லை.

✽

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் காவிரிப் பாலத்தைத் திறந்தார்கள். சில வாரங்கள் கழித்து அக்காவும் தம் ஊருக்குப் போகும் அளவுக்குத் தேறினார். பேருந்து பாலத்தின்மேல் சென்றபோது, கோடைக்கு முன்னான காவிரியில் மணலும் நீரும் கலந்து கிடந்தன. அக்கா சன்னலோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். சத்திரத்தில் இறங்கியதும், அந்தக் கொய்யாப்பழக்காரியைத் தேடினோம். அன்று அவள் இல்லை. இருவர் மூவரிடம் விசாரித்தோம். எப்போதாவதுதான் வருவாள் என்றார்கள். பிறகும் பலமுறை தேடியிருக்கிறேன். கண்டபாடில்லை.

அக்காவால் இப்போது முன்போல் உண்ண முடியாது. சிறுகச் சிறுக, ஒரு நாளைக்கு ஆறு வேளை உண்கிறார். கொழுப்புள்ளதை உண்டால் வயிறு தாங்காது. குடலின் கடைசிப் பகுதி இல்லாததால், அங்கே உறிஞ்சப்படவேண்டிய பி12 உயிர்ச்சத்தை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார். கிறிஸ்மஸுக்குத் தாம் சமைத்த பிரியாணியைத் தாமே உண்ண முடியாமல், எங்களுக்குப் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். “பாத்தாலே நிறைஞ்சிடுச்சு தம்பி” என்றார். அவர் அதைச் சொன்னபோது நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

நான் அதட்டியதைப் பற்றி ஒருநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. “அப்படியா சொன்னே?” என்று கேட்டுவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நினைவில்லை என்றது மெய்யா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு என் தொலைபேசி ஒலிக்கிறது. அந்த மாத்திரையை உண்ணும் வேளை அது. நான் கேட்பதற்கு முன்பே, “போட்டுட்டேன் தம்பி” என்கிறார் அக்கா. சரி என்கிறேன். பின்பு, வலி ஏதும் உண்டா என்று கேட்கிறேன். இல்லை என்றால் இல்லை. உண்டு என்றால், எங்கே, எப்போதிலிருந்து, எப்படி என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.